கல்லைத் துகளாக்கும் ஒளி

நுழையும்முன்

உப்பளத்தில் உப்பு விளைவதும் உடலுக்குள் கல் தோன்றுவதும் ஒரே வேதியியல் விதியின் இரு காட்சிகள். கத்தியைத் தவிர வேறு வழி அறியாதிருந்த மருத்துவம் இன்று ஒளியைக் கொண்டு அக்கல்லை உடைக்கிறது. அந்த ஒளியால் ஆவது எது, ஆகாதது எது என்பதை இராமநாதபுரம் கடற்கரையின் வாழ்வோடு பொருத்தி இப்பாடம் விளக்குகிறது.

உப்புப் பாத்தியும் சிறுநீரகமும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கடலோரத்தில் வாலிநோக்கம் என்னும் ஊர் உள்ளது. தமிழ்நாடு அரசின் உப்புக் கழகத்திற்குரிய உப்பளங்கள் அவ்வூர்ப் பகுதியில் பரந்து கிடக்கின்றன. கோடை வெயிலில் அவற்றின் வரப்பில் நின்று பார்ப்பவருக்கு வேதியியல் பாடம் ஒன்று கண்முன்னே நிகழ்வது புலப்படும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்நிலையில் அவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீரைத் தேக்கி வெயிலில் விட, நீர் ஆவியாகிறது. உப்போ அங்கேயே தங்கிவிடுகிறது. உப்பளத்தார் உவர்நீரின் அடர்த்தியை 'டிகிரி' என்னும் அளவால் குறிப்பர். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. அது படிப்படியாக ஏறி 25 டிகிரியை நெருங்கும்போது பாத்தியின் அடியில் உப்புப் படிகங்கள் தோன்றுகின்றன. முதலில் தோன்றிய சிறு படிகத்தின்மேல் அடுத்தது ஒட்டுகிறது, அதன்மேல் இன்னொன்று. உப்பு விளைகிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

சிறுநீரகத்தில் கல் விளைவதும் இவ்வாறே. அவரை விதை வடிவிலான அவ்வுறுப்பு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் வடிப்பிகள் உள்ளன. அவற்றை நெஃப்ரான்கள் என்பர். இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியை மீண்டும் இரத்தத்திற்கே அனுப்பிவிட்டு ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் முதலியவை அந்நீரில் கரைந்து வெளியேற வேண்டும். உடலில் நீர் குறைந்தால் சிறுநீரகம் சிக்கனம் காட்டுகிறது. கழிவின் அளவு குறைவதில்லை, அதைக் கரைக்கும் நீர் மட்டும் குறைகிறது. கரைசல் தாங்கும் எல்லையைக் கடந்ததும் படிகம் பிறக்கிறது.

உப்பளத்தில் விளைச்சல் எனப்படுவது சிறுநீரகத்தில் நோய் எனப்படுகிறது. இயற்கை இதைத் தடுக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறது. சிறுநீரில் உள்ள சிட்ரேட் என்னும் பொருள் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு அதனை ஆக்சலேட்டோடு சேரவிடாமல் காக்கிறது. எலுமிச்சைச் சாறு பருகுமாறு மருத்துவர்கள் கூறுவதன் காரணம் அதிலுள்ள சிட்ரேட்தான்.

சிறிய கல், பெரிய வலி

சிறுநீரகத்தில் இருக்கும்வரை கல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். அது சிறுநீர்க்குழாய்க்குள் இறங்கும்போதுதான் துன்பம் தொடங்குகிறது. சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் இக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமும் 3 முதல் 4 மி.மீ. அளவேயான உட்புறமும் கொண்டது. சிறுநீரகத்தை விட்டு இறங்கும் இடம், இடுப்பின் பெரிய இரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம் ஆகிய மூன்று இடங்களில் அது மேலும் குறுகுகிறது. கல் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இவ்விடங்களிலேயே. சிக்கிய கல்லை வெளியே தள்ளக் குழாய் இறுகிச் சுருங்குகிறது. மேலே சிறுநீரகம் தேங்கிய நீரால் விரிகிறது. விலாவில் தோன்றி அடிவயிற்றுக்கும் தொடையிடுக்கிற்கும் பாயும் அந்த வலியில் நோயாளியால் ஓரிடத்தில் அசையாமல் படுத்திருக்க முடியாது.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். வலி நின்றுவிட்டால் கல் வெளியேறிவிட்டது என்று பலர் முடிவுசெய்துகொள்கின்றனர். அது எப்போதும் உண்மையாவதில்லை. அடைப்பு நீடிக்கும்போதே வலி தணிந்துவிடுவதுண்டு. அவ்வாறு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைபட்ட சிறுநீரகம் தன் வேலைத்திறனை ஓசையின்றி இழந்துவிடும். கல்லோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அடைபட்ட நீரில் கிருமிகள் பெருகியுள்ளன என்பது பொருள். அன்று அந்நோயாளி மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். அந்நிலையில் மருத்துவர்கள் கல்லை உடைக்க முற்படுவதில்லை. முதலில் அடைபட்ட நீரை வடித்துக் கிருமித் தொற்றை அடக்குவர். கல்லின் முறை அதற்குப் பின்னரே.

கத்தியின் காலம்

இந்நோய் மனிதரை நெடுங்காலமாகத் தொடர்ந்து வருவது. எகிப்தில் 1901-இல் ஆய்வு செய்யப்பட்ட தொன்மையான உடல் ஒன்றில் சிறுநீர்ப்பைக் கல் காணப்பட்டது. அதன் காலம் ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பர். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழி, கல்லுக்காக உடலை அறுப்பதை அத்தொழிலில் தேர்ந்தவர்களிடம் விட்டுவிடுமாறு மருத்துவருக்குக் கட்டளையிடுகிறது. நம் நாட்டின் சுசுருத சங்கிதை சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையை விரிவாகக் கூறுகிறது. அறுக்காவிட்டால் இறப்பு உறுதி, அறுத்தால் பிழைப்பது ஐயம். ஆகவே அரசனின் இசைவு பெற்றே அறுவையைத் தொடங்க வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. மயக்க மருந்தும் கிருமி பற்றிய அறிவும் இல்லாத காலத்து மருத்துவரின் அச்சத்தையும் நேர்மையையும் அக்கருத்தில் ஒருங்கே காணலாம்.

சித்த மருத்துவம் இந்நோயைக் கல்லடைப்பு என்று அழைக்கிறது. நோயின் காரணம் கல், துன்பத்தின் காரணம் அடைப்பு. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய இப்பெயரைவிடப் பொருத்தமான பெயர் பிற மொழிகளில் உண்டா என்பது ஐயமே. இம்மருத்துவத்தில் கல்லடைப்புக்குக் கூறப்படும் சிறுபீளையைப் பொங்கலுக்கு முன்னாளில் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வீட்டு இறவாணத்தில் காப்பாகக் கட்டும் வழக்கம் இன்றும் நம் ஊர்களில் உண்டு.

வானூர்தியிலிருந்து வந்த அலை

கத்தியின்றிக் கல்லை உடைக்கும் முதல் வழி, மருத்துவத்தோடு தொடர்பில்லாத ஓரிடத்திலிருந்து வந்தது. ஒலியைவிட விரைந்து செல்லும் வானூர்தியின்மீது மழைத்துளி மோதினால் உலோகத்தில் என்ன நேரும் என்பதை ஜெர்மனியின் டோர்னியர் வானூர்தி நிறுவனம் ஆராய்ந்தது. மோதலில் தோன்றும் அதிர்வலை பொருளின் உள்ளே ஊடுருவிச் சென்று சிதைவை உண்டாக்குவது தெரியவந்தது. மென்மையான தசையின் வழியே பெரும் தீங்கின்றிச் செல்லும் அந்த அலை, கடினமான கல்லைச் சந்திக்கும்போது அதனை நொறுக்கும் அல்லவா? இவ்வினாவின் விடையாக 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசி என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும், நீர் நிறைந்த தொட்டியில் நோயாளியைக் கிடத்தி, உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலையைச் செலுத்திச் சிறுநீரகக் கல்லை உடைத்தனர்.

வானியல் தொழில்நுட்பம் நோயாளியின் படுக்கைக்கு வருவது நமக்கும் புதிதன்று. இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த ஏ.பி.ஜெ. அப்துல் கலாம், ஏவுகணைக்கென உருவாக்கிய எடை குறைந்த கலவைப் பொருளைக்கொண்டு, போலியோவால் கால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தாங்கிகள் செய்யத் துணைநின்றார். 3 கிலோகிராம் எடையை இழுத்து நடந்த குழந்தைகள் ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள தாங்கியோடு ஓடியதை அவர் தம் வாழ்வின் பெருமகிழ்ச்சிகளுள் ஒன்றாகக் கூறியுள்ளார்.

அதிர்வலை முறைக்கும் எல்லை உண்டு. மிகக் கடினமான கல்லும் பெரிய கல்லும் அதற்கு எளிதில் உடைவதில்லை. உடைந்த துண்டுகள் தாமே இறங்கிவர வேண்டும் என்பதால் வழியில் மீண்டும் அடைப்பு நேர்வதுண்டு. கல்லின் அருகிலேயே சென்று, பார்த்து உடைக்கும் கருவி ஒன்று தேவைப்பட்டது.

சீரொளி

லேசர் என்பது ஆங்கிலச் சொற்கள் ஐந்தின் முதலெழுத்துகளால் ஆன பெயர். தமிழில் இதனைச் சீரொளி என்பர். சாதாரண விளக்கின் ஒளி பல அலைநீளங்கள் கலந்தது. எல்லாத் திசையிலும் சிதறுவது. சீரொளியோ ஒரே அலைநீளத்தில், ஒரே சீராக, ஒரே திசையில் செல்வது. இதற்கு அடிப்படையான கோட்பாட்டை ஐன்ஸ்டைன் 1917-இல் வெளியிட்டார். 1960-இல் தியோடர் மைமன் என்னும் அமெரிக்க அறிவியலாளர் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். நான்கு ஆண்டுகளில், மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்த சி.குமார் என்.பட்டேல் கரியமில வாயு லேசரை உருவாக்கினார்.

ஒளி கிடைத்தது. அதை வளைந்து நெளிந்த சிறுநீர்க்குழாய் வழியே கொண்டுசெல்வது எவ்வாறு? அதற்கு ஒளியிழை வேண்டியிருந்தது. கண்ணாடி இழைக் கற்றையால் உருவத்தை வளைவான பாதையில் அனுப்பிக் காட்டிய ஆய்வை 1954-இல் வெளியிட்டவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. கல் உடைக்கும் லேசரின் இழை சிலிக்காவால் ஆனது. கடற்கரை மணலிலும் மிகுதியாக உள்ள பொருள்தான் அது.

இன்று பரவலாகப் பயன்படுவது ஹோல்மியம் லேசர். 1990களில் கல் மருத்துவத்திற்குள் நுழைந்த இதன் அலைநீளம் ஏறத்தாழ 2100 நானோமீட்டர். இது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. ஆகவே எங்கே பாய்கிறது என்பதைக் காட்டச் சிவப்பு அல்லது பச்சை நிற வழிகாட்டி ஒளியையும் உடன் செலுத்துவர். இந்த அலைநீளத்தைத் தண்ணீர் மிக விரைவாக உட்கவர்ந்துகொள்கிறது என்பதே இதன் சிறப்பு. நீரில் அரை மில்லிமீட்டர் தொலைவைக் கடப்பதற்குள்ளேயே ஒளியின் ஆற்றல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இழையின் முனை கல்லைத் தொட்டிருந்தால் கல் உடையும். சற்று விலகியிருந்தால் அருகிலுள்ள சுவருக்குத் தீங்கு மிகக் குறைவு. நீரோடு பிறந்த நோய்க்கு நீரே அரணாக நிற்பது வியப்பானது.

ஒவ்வொரு துடிப்பிலும் இழைமுனையில் உள்ள நீர் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் ஆவியாகிக் குமிழியாக விரிகிறது. அக்குமிழி நீரை விலக்கி ஒளிக்கு வழிவிடுகிறது. கடலைப் பிளந்து மக்களை நடத்திச் சென்றதாக விவிலியம் கூறும் மோசேயின் பெயரால் இதனை மோசஸ் விளைவு என்பர். வழி கிடைத்த ஒளி, கல்லையும் கல்லின் நுண்துளைகளில் உள்ள நீரையும் சூடாக்குகிறது. கல் வெடித்துச் சிதறுகிறது. அண்மைக் காலத்தில் வந்துள்ள தூலியம் இழை லேசரின் அலைநீளம் 1940 நானோமீட்டர். நீர் இதனை மேலும் மிகுதியாகக் கவர்வதால் கல்லை மாவுபோல் ஆக்க இது ஏற்றது.

> தெரிந்து தெளிவோம்
> லேசர் கல்லைக் கரைப்பதில்லை, உடைக்கிறது. மருந்தால் கரையக்கூடியது யூரிக் அமிலக் கல் ஆகும். சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் அது கரையும். மிகப் பெரும்பான்மையான கால்சியம் ஆக்சலேட் கற்கள் அவ்வாறு கரைவதில்லை. எனவே வெளியேறிய கல்லையோ துகளையோ ஆய்வகத்திற்கு அனுப்பி அதன் வகையை அறிவது அடுத்த கல்லைத் தடுக்க உதவும்.

மருத்துவம் நிகழும் முறை

நோயாளிக்கு மயக்க மருந்து தரப்படுகிறது. சிறுநீர் வெளியேறும் இயற்கை வழியே மெல்லிய உள்நோக்கியைச் செலுத்துவதால் வயிற்றிலோ விலாவிலோ கீறல் தேவைப்படுவதில்லை. சிறுநீர்ப்பையைக் கடந்து சிறுநீர்க்குழாய்க்குள் செல்லும் உள்நோக்கி, வளையும் தன்மையுடையதாக இருப்பின் சிறுநீரகத்தின் உட்கிண்ணங்கள்வரை எட்டும். கல் திரையில் தெரிகிறது. உப்புநீர் இடைவிடாது பாய்கிறது. அது பார்வையைத் தெளிவாக்குவதோடு லேசரின் வெப்பத்தையும் அடித்துச் செல்கிறது. நீரோட்டம் குறைந்தால் சூடேறிய நீரே திசுவைப் புண்ணாக்கிவிடும். மருத்துவர் இழையின் முனையைக் கல்லின்மேல் வைத்துக் காலால் மிதியை அழுத்துகிறார். குறைந்த ஆற்றலில் விரைவான துடிப்புகளைத் தந்தால் கல் தூளாகும். மிகுந்த ஆற்றலில் மெதுவான துடிப்புகளைத் தந்தால் துண்டாகும். துண்டுகளைச் சிறு கூடை போன்ற கருவியால் வெளியே எடுப்பர்.

எல்லாக் கல்லுக்கும் இது வேண்டுவதில்லை. 5 மி.மீ.க்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை நீராலும் வலிநீக்கும் மருந்தாலும் தாமே வெளியேறும். 2 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கு முதுகுப்புறத்தில் சிறு துளையிட்டுச் சிறுநீரகத்தை நேரே அடையும் முறை ஏற்றது. வாழைத்தண்டுச் சாறு குடித்தால் எந்தக் கல்லும் கரையும் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பது அடைபட்ட சிறுநீரகத்தைப் பணயம் வைப்பதாகும்.

உடைத்து முடித்ததும் பலருக்குச் சிறுநீர்க்குழாயினுள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து அனுப்புவர். இரு முனைகளும் கொக்கிபோல் வளைந்திருப்பதால் அதனை 'டபுள் ஜே ஸ்டென்ட்' என்பர். 1978 முதல் வழக்கில் உள்ள இக்குழாய், வீக்கம் வற்றும்வரை நீர் தடையின்றி இறங்க வழி செய்கிறது. இது இருக்கும் நாள்களில் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வும் சிறிது இரத்தக் கசிவும் தோன்றலாம். அதைக் கண்டு மருத்துவம் தோற்றுவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வேறொன்று உண்டு. சில நாள்களிலோ வாரங்களிலோ இக்குழாயை எடுத்தாக வேண்டும். வலி நின்றதும் கடலுக்குத் திரும்புபவரும், கூலி வேலைக்குத் திரும்புபவரும், அயல்நாட்டுக்குப் புறப்படுபவரும் அதை மறந்துவிடுகின்றனர். மாதங்கள் செல்லச் செல்ல, உப்பளத்து நீரில் கிடக்கும் கழியில் உப்புப் படிவதுபோல், அக்குழாயின்மேல் கல் படிகிறது. கல்லை அகற்ற வந்த கருவியே புதிய கல்லின் வித்தாகிறது. சிலருக்கு அது சிறுநீரகத்தையே பறித்திருக்கிறது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவராக இருந்தால், மருத்துவமனையிலிருந்து வரும் சீட்டில் அக்குழாயை எடுக்கும் நாள் எதுவென்று பார்த்து நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

செலவு குறித்தும் சிறிது கூறவேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல் நீக்கும் மருத்துவ முறைகளும் இடம்பெறுகின்றன. இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன்னர் பெரிய மருத்துவம் என்றால் மதுரைப் பேருந்து என்பதே இம்மாவட்டத்தின் வழக்காக இருந்தது.

கடலருகே தாகம்

வைகை கடலைச் சேருமுன் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடங்குகிறது. ஆண்டின் மழையில் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவக்காற்று தருகிறது; அது பொய்த்தால் கண்மாயும் ஊருணியும் வறண்டுவிடும். இராமேசுவரம் தீவில் மணலுக்கடியில் தங்கிய மழைநீர், கனமான உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்குச் சில அடி தொலைவில் மணலைத் தோண்டி நன்னீர் எடுப்பது இதனால்தான். அளவுக்கு மீறி இறைத்தால் அப்படலம் கிழிந்து உவர்நீர் மேலேறிவிடும். திருச்சி அருகே காவிரியிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இம்மாவட்டத்திற்கு ஏன் தேவைப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

உவர்நீரைக் குடிப்பதால்தான் கல் வருகிறது என்று இங்குப் பலர் கருதுகின்றனர். நீரின் கடினத்தன்மையைவிட, குடிக்கும் அளவின் குறைவே முதன்மையான காரணம். சுவையற்ற நீரை மக்கள் குறைவாகக் குடிக்கிறார்கள் என்பதில் அந்நம்பிக்கைக்கும் ஓரளவு இடமுண்டு. கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள மிகுதியான உப்பு, சிறுநீரில் கால்சியத்தின் அளவைக் கூட்டுகிறது. கால்சியக் கல் என்பதால் பாலை நிறுத்திவிடுவோரும் உளர், அது தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றுகிறது. பாலை நிறுத்தினால் ஆக்சலேட் தடையின்றி உடலுக்குள் சேர்கிறது.

ஒருமுறை கல் வந்தவருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் மீண்டும் வருகிறது. லேசர் எவ்வளவு நுட்பமாக உடைத்தாலும் கல் விளைந்த நிலம் அப்படியே இருக்கிறது. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும் என்பதே கல் வந்தவருக்கு மருத்துவ உலகம் கூறும் முதல் மருந்து. இதய நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் உள்ளோர் மட்டும் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவுசெய்தல் வேண்டும். நிழலில் அமர்ந்து படிப்பவருக்கு மூன்று லிட்டர் போதலாம். உப்பளத்தில் வாரும் ஒருவர் வியர்வையாகவே அதில் பெரும்பங்கை இழந்துவிடுவார்.

அறிவுரை கூறுவது எளிது. உப்பளத்திலும் கரிமூட்டத்திலும் பணிபுரியும் பெண்கள், மன்னார் வளைகுடாவில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள் ஆகியோரிடம் ஏன் நீர் குடிக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். குடித்தால் எங்கே ஒதுங்குவது என்பார்கள். மரநிழல்கூட இல்லாத வெட்டவெளியில் காலை முதல் மாலைவரை சிறுநீரை அடக்குவதற்காகவே அவர்கள் தாகத்தை அடக்குகிறார்கள். இரவெல்லாம் கடலில் வலைவிரிக்கும் மீனவர் படகில் பனிக்கட்டிக்கும் டீசலுக்கும் ஒதுக்கிய இடம்போக எஞ்சியதில்தான் குடிநீர்க் கேனை வைக்கிறார்; கரை திரும்பும்வரை அதுவே எல்லாருக்கும். உப்பளத்தின் ஓரத்தில் கதவுள்ள ஒரு கழிப்பறையும் மூடியுள்ள ஒரு குடிநீர்த் தொட்டியும் கட்டுவதற்கு ஆகும் செலவு, லேசர் கருவி ஒன்றின் விலையோடு ஒப்பிடத் தக்கதே அன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வெயிலில் பணிபுரியும் ஒருவரைச் சந்தித்து, அவர் ஒரு நாளில் அருந்தும் நீரின் அளவையும் அதற்கான வசதிகளையும் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
2. சீரொளி, ஒளியிழை, உள்நோக்கி, அதிர்வலை ஆகிய கலைச்சொற்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.
3. ஒரு குவளை வெந்நீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்து, நூல் ஒன்றைத் தொங்கவிட்டுச் சில நாள்கள் வைத்திருந்து, காணும் மாற்றத்தை இப்பாடக் கருத்தோடு ஒப்பிட்டு எழுதுக.